எத்தனை பேரில் 80 சதவீதம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேறு தொழிலில் இருப்பவர்கள் கோடிங் பூட்கேம்ப் (சில மாதங்களில் நிரல் எழுதக் கற்றுத்தரும் தீவிரப் பயிற்சி) மூலம் மென்பொருள் துறைக்கு மாறுவது பற்றிய செய்திகளும் விளம்பரங்களும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. "12 வாரத்தில் டெவலப்பர் ஆகலாம்", "80 சதவீதம் பேருக்கு வேலை" என்ற இரண்டு வரிகள் அவற்றில் தவறாமல் இருக்கும். இரண்டுமே முழுப் பொய் அல்ல. ஆனால் அந்த 12 வாரத்துக்கு முன்னால் என்ன செய்திருக்க வேண்டும், முடிந்த பிறகு எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும், அந்த 80 சதவீதம் எத்தனை பேரில் எடுத்த கணக்கு என்பதையெல்லாம் எவரும் எழுதுவதில்லை. இருக்கிற வேலையை விட்டுவிட்டு, சேமிப்பைக் கரைத்துச் சேருகிறவர்களுக்குத் தேவைப்படுவது அந்த விவரங்கள்தான். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், அவர்களை இன்டர்வியூ செய்து வேலைக்கு எடுப்பதும் எங்கள் அன்றாட வேலை என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சதவீதம். ஒரு கணக்குக்காக 100 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதியில் விட்டவர்கள், தேர்வில் தேறாமல் வெளியேற்றப்பட்டவர்கள் 25 பேர். முடித்தவர்கள் 75. அதில் 15 பேர் பயிற்சி முடிந்தபின் அனுப்பிய படிவத்துக்குப் பதில் போடவில்லை, அல்லது "இப்போது வேலை தேடவில்லை" என்று குறிக்கப்பட்டுவிட்டார்கள். மிச்சம் 60. அதில் 48 பேருக்கு ஏதோ ஒரு வேலை. 60-ல் 48 என்றால் 80 சதவீதம். கணக்கு சரிதான். ஆனால் அந்த 48 பேரில் 6 பேரை அதே பூட்கேம்ப் உதவிப் பயிற்றுநராக வைத்துக்கொண்டது. இன்னும் 10 பேர் இரண்டு மாத ஒப்பந்தத்திலோ, நிரல் எழுதவே தேவையில்லாத வேலையிலோ இருக்கிறார்கள். முழுநேர மென்பொருள் வேலையில் அமர்ந்தவர்கள் 32 பேர். சேர வரும் மனிதரின் நிலையில் நின்று பார்த்தால், வாசலில் நின்ற 100 பேரில் 32. விளம்பரத்தில் வருவது 80.

இது எங்கள் கற்பனைக் கணக்கு. ஆனால் நடக்காத விஷயம் அல்ல. அமெரிக்காவில் ஃபிளாட்அயர்ன் ஸ்கூல் என்ற பூட்கேம்ப் 98.5 சதவீத வேலைவாய்ப்பு என்று விளம்பரம் செய்தது. பயிற்சிப் பணியில் இருந்தவர்களும், ஒப்பந்தப் பணியாளர்களும், சுயமாக வேலை செய்தவர்களும் அந்த எண்ணுக்குள் அடக்கம் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. உரிமம் இல்லாமல் நடத்தியதையும் சேர்த்து, 2017-ல் நியூயார்க் அட்டர்னி ஜெனரலுடன் (மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி) 3,75,000 டாலருக்கு அது சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. லாம்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பிறகு புளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் மீது 2024 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. 71 முதல் 86 சதவீதம் வரை வேலை கிடைக்கிறது என்று விளம்பரம் சொல்ல, நிறுவனத்தின் உள்கணக்கு 50 சதவீதத்தை ஒட்டியே இருந்தது, சில சமயம் 30 வரை இறங்கியது என்பது அந்த அமைப்பின் கண்டுபிடிப்பு.

எனவே உங்கள் நாளிதழுக்கு ஒரு கோரிக்கை. ஒரு பூட்கேம்ப்பின் வேலைவாய்ப்பு எண்ணை அச்சிடும்போது அதோடு நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர்? முடித்து எத்தனை நாளுக்குள் வேலை கிடைத்தால் கணக்கில் சேர்க்கிறார்கள், 90 நாளா 180 நாளா? "வேலை" என்று எதை எண்ணுகிறார்கள்? இந்தக் கணக்கை வெளியாள் யாராவது தணிக்கை செய்தார்களா? இதைச் சொல்ல மறுக்கும் நிறுவனம் மோசடி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சொல்ல மறுத்தார்கள் என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

சேருகிறவர் நேரில் கேட்க வேண்டியது இன்னும் உண்டு. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? அந்தப் பயிற்றுநர் எத்தனை ஆண்டு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அல்லது போன பேட்சில் முடித்த மாணவரா? போன பேட்சில் முடித்தவரும் தொடக்கப் பாடங்களை நன்றாகவே நடத்தலாம். ஆனால் ஒரு நிரலைப் பார்த்து "இது ஓடும், ஆனால் ஆறு மாதம் கழித்து உன் கழுத்தை நெரிக்கும்" என்று சொல்ல அனுபவம் வேண்டும். ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆறாவது வாரத்து மாணவர் ஒருவரின் புராஜெக்டுக்குப் பயிற்றுநர் எழுதிய கருத்துரைகளைக் காட்டச் சொல்லுங்கள். "நன்று", "முடிந்தது" என்று மட்டும் இருந்தால் அங்கே யாரும் நிரலை உட்கார்ந்து படிப்பதில்லை. வரிக்கு வரி கேள்வி இருந்தால் அங்கே கற்றுக்கொள்ள முடியும். பயிற்சியின் தரத்தை அறிய இதைவிட நல்ல சோதனை எங்களுக்குத் தெரியாது.

இனி நேரக் கணக்கு. வாரம் 40 மணி நேர வகுப்பு, 12 வாரம் என்றால் 480 மணி நேரம். மாலையும் வார இறுதியும் சேர்த்து வாரம் 60 மணி நேரம் உழைப்பவருக்கு 720. இதே 720 மணி நேரத்தை, வேலைக்குப் போய்க்கொண்டே தினமும் 2 மணி நேரம் என்று செலவிட்டால் 360 நாள் பிடிக்கும். பூட்கேம்ப் விற்பது இந்தச் சுருக்கத்தைத்தான். ஓராண்டு உழைப்பை மூன்று மாதத்தில் அடைத்து, பக்கத்தில் கேள்வி கேட்க ஒருவரை உட்காரவைக்கிறது. அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் எதுவுமே தெரியாமல் உள்ளே போகிறவர் அந்த 720-ல் முதல் 100 மணி நேரத்தை, இலவசமாகக் கிடைக்கும் விஷயங்களைக் கற்கவே கொடுத்துவிடுகிறார். அந்த நேரம் முழுவதும் வகுப்பு அவருக்காக நிற்காது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் 8 வாரம், வாரத்துக்கு 12 மணி நேரம் ஒதுக்குங்கள். 2014 முதல் இயங்கும் ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் புராஜெக்ட், ஹார்வர்டின் சிஎஸ்50, மொசில்லா நடத்தும் எம்டிஎன் ஆவணங்கள் ஆகிய கற்றல் வளங்கள் எல்லாமே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. இதில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டவர்களுக்கு நான்கின் முதல் அத்தியாயம் மட்டும் மனப்பாடம் ஆகும். முதல் நான்கு வாரம் இணையப் பக்கம் கட்டும் மொழிகளான ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டின் அடிப்படை: மாறிகள், நிபந்தனை, லூப் (திரும்பத் திரும்பச் செய்வது), ஃபங்ஷன் (பெயரிட்ட நிரல் துண்டு), அரே (பட்டியல்), ஆப்ஜெக்ட் (பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு). அடுத்த நான்கு வாரம் வீடியோவை மூடிவிட்டு, சொந்தமாக ஒன்றைக் கட்டுங்கள். வீடியோவைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வது சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு சமைப்பது போல. கை வேலை செய்யும், முடிவெடுப்பது வேறொருவர். அடுத்து எந்த வரி எழுத வேண்டும் என்று தெரியாமல் வெற்றுத் திரையைப் பார்த்து உட்காரும் அந்த அரை மணி நேரம்தான் இந்தத் தொழில். அது தாங்க முடியாத எரிச்சலைத் தருகிறதா, அல்லது விட மனமில்லாமல் இழுக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது எவ்வளவோ நல்லது.

எதைக் கட்டுவது? அன்றாடச் செலவைக் குறித்துவைக்கும் ஒரு சின்னப் பக்கம் போதும். இரண்டு பெட்டி, ஒரு பொத்தான், கீழே பட்டியல், அதற்குக் கீழே மொத்தம். பார்க்க அற்பமாக இருக்கும். கட்டத் தொடங்குங்கள்.

முதல் செலவாக 10 போடுகிறீர்கள், அடுத்து 20. மொத்தம் 30 வர வேண்டிய இடத்தில் 1020 என்று வரும். பெட்டியில் தட்டியதை பிரவுசர் எண்ணாகத் தருவதில்லை, எழுத்துச் சரமாகவே தருகிறது. இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை ஒட்டிவிடும். எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும். சரி, மாற்றிவிட்டீர்கள். இப்போது 0.1-ம் 0.2-ம் போட்டால் மொத்தம் 0.30000000000000004 என்று நிற்கும். கணினி கெட்டுப்போகவில்லை. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறது அல்லவா, அதேபோலப் பத்தில் ஒன்றை, கணினி பயன்படுத்தும் இரண்டின் அடிமானத்தில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறை) முடிவாக எழுத முடியாது. கணினி அதை 64 பிட்டுக்குள் அடக்கும்போது கடைசியில் ஒரு துளி பிசகுகிறது. இந்த இடத்தில் மாணவர்கள் இரண்டு வகையாகப் பிரிகிறார்கள். ஒருவர் இணையத்தில் தேடி, இரண்டு தசம இடத்தோடு வெட்டிக் காட்டும் ஒரு வரியை ஒட்டிவிட்டு நகர்கிறார். திரை சுத்தமாகிவிடும், பிழை உள்ளேயே இருக்கும், ஆயிரம் செலவு கூடும்போது திரும்பத் தலைகாட்டலாம். இன்னொருவர் தொகையைப் பணத்தின் மிகச்சிறிய அலகில் முழு எண்ணாகவே சேமித்து, காட்டும்போது மட்டும் நூறால் வகுக்கிறார். இன்டர்வியூவில் நாங்கள் தேடுவது இரண்டாமவரை. அவருக்கு நூறு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, இந்த ஒன்றை ஏன் இப்படிச் செய்தேன் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

அடுத்து, பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாச் செலவும் காணாமல் போகும். பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் சேமிக்கலாம் என்று கண்டுபிடிப்பீர்கள். அங்கேயும் சரமாகத்தான் வைக்க முடியும். பட்டியலை ஜேசனாக (தரவைச் சரமாக எழுதும் ஒரு வடிவம்) மாற்றாமல் அப்படியே போட்டால், திரும்ப எடுக்கும்போது பொருளே இல்லாத ஒரு வரி வரும். பிறகு ஒரு செலவை அழிக்கும் பொத்தான் வேண்டும் என்று தோன்றும். பட்டியலில் எத்தனையாவது என்பதை வைத்து அழித்தால், நடுவில் ஒன்று போனதும் மற்றவற்றின் இடம் மாறி, தவறான செலவு அழியக்கூடும். அப்போதுதான் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் எதற்கு என்பது புரியும். டேட்டாபேஸில் பிரைமரி கீ என்று பின்னால் சொல்லித்தருவது இதைத்தான். இந்த ஒரு பக்கத்தைத் தன் கையால் முடித்து, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் பூட்கேம்ப்பில் சேரத் தயார். 8 வாரத்தில் முடியவில்லை என்றால் இன்னும் 8 வாரம் எடுத்துக்கொள்ளட்டும். சேர்ந்த பிறகு பின்தங்குவதைவிட இது மலிவு.

உள்ளே போனபின் எங்கே சறுக்குகிறது? பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில். முதல் மூன்று வாரம் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும். நான்காவது வாரம் ரியாக்ட் (திரைகளைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) தொடங்கும். ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுப்பது, ஒரு அரேயின் நகலுக்கும் அதே அரேயைச் சுட்டும் இன்னொரு பெயருக்கும் உள்ள வித்தியாசம், இவை மனதில் படியாமலே அங்கே போய்விட்டால் எல்லாம் மந்திரமாகத் தோன்றும். ஓர் உதாரணம். ரியாக்டில் பழைய பட்டியலிலேயே ஒன்றைச் சேர்த்துவிட்டு அதையே மீண்டும் கொடுத்தால் திரை மாறாது. காரணம், ரியாக்ட் உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. "முன்பு இருந்த அதே அரேயா, புதியதா" என்று மட்டும் பார்க்கிறது. அதே அரே என்றால் மாற்றம் இல்லை என்று விட்டுவிடும். புதிய அரே ஒன்றை உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். இது ரியாக்டின் விதி போலத் தெரிந்தாலும் வேர் ஜாவாஸ்கிரிப்டின் இரண்டாவது வாரப் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடம் புரியாதவர், புதிய அரே உண்டாக்க மூன்று புள்ளி வைக்கும் முறையை மனப்பாடம் செய்துகொள்கிறார். ஆப்ஜெக்டுக்குள் ஆப்ஜெக்ட் வந்ததும் மனப்பாடம் கைவிட்டுவிடுகிறது.

பின்தங்கியவர் செய்யும் பெரிய தவறு, வெட்கப்பட்டுக்கொண்டு மறைப்பது. குழுவில் பக்கத்திலிருப்பவர் எழுதட்டும் என்று விட்டுவிடுவார். இரண்டு வாரம் இப்படிப் போனால் மீள்வது கடினம். புரியாத ஒன்றில் இரண்டு நாளுக்கு மேல் சிக்கியிருந்தால் பயிற்றுநரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். "ஒன்றும் புரியவில்லை" என்று சொன்னால் உதவுவது அவருக்கும் கஷ்டம். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, இதுவரை எதையெல்லாம் முயன்றேன் என்ற வரிசையில் சொல்லுங்கள். வேலையிலும் சீனியரிடம் இப்படித்தான் கேட்க வேண்டியிருக்கும்.

பிழைச் செய்தியைப் படிக்கும் பழக்கத்தையும் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு எழுத்தைக் கண்டதும் கண்ணை ஓட்டிவிட்டு நிரலுக்குப் போய் எதையாவது மாற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அந்தச் செய்தியிலேயே பெரும்பாலும் கோப்பின் பெயர், வரி எண், என்ன தவறு நடந்தது என்பது எல்லாம் இருக்கும். அதை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். பிறகு பிழையை மறுபடி வரவழைக்கும் மிகச்சிறிய வழியைக் கண்டுபிடியுங்கள். பாதி நிரலை அணைத்துப் பாருங்கள். பிழை போய்விட்டால் அது அணைத்த பாதியில் இருக்கிறது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி பற்றி ஒரு எச்சரிக்கை. ஏபிஐ சாவியையோ (வேறொரு சேவையை நம் நிரல் பயன்படுத்த அது தரும் ரகசியக் குறியீடு) டேட்டாபேஸ் கடவுச்சொல்லையோ நிரலுக்குள் எழுதி, தெரியாமல் பொதுவெளியில் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் ஏற்றிவிடுவது மாணவர்களிடம் சாதாரணமாக நடக்கும் விபத்து. பதறிப்போய் அந்த வரியை அழித்து அடுத்த கமிட் (மாற்றத்தின் பதிவு) போடுவார்கள். அது போதாது. கிட் பழைய வரலாறு முழுவதையும் வைத்திருக்கிறது, முந்தைய கமிட்டைத் திறந்தால் சாவி அப்படியே இருக்கும். இப்படிச் சாவிகளைத் தேடி அலையும் தானியங்கி நிரல்கள் நிறைய உண்டு. எனவே முதல் வேலை, சாவியைக் கொடுத்த சேவைக்குள் போய் அதை ரத்து செய்து புதிதாக எடுப்பது. வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு. இனி வராமலிருக்க, சாவிகளைத் தனிக் கோப்பில் வைத்து அதைக் கிட் இக்னோர் பட்டியலில் (கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகள்) முதல் நாளே சேர்த்துவிட வேண்டும்.

டேட்டாபேஸ் பகுதியைப் பல பூட்கேம்ப்கள் அவசரமாகக் கடக்கின்றன என்பது எங்கள் வருத்தம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் எழுதாமலே தரவை எடுத்துத்தரும் கருவி ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மாணவர் 200 ஆர்டர்களை ஒரே கேள்வியில் எடுப்பார், பிறகு லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்பார். ஆக 201 கேள்விகள். சோதனைக்கு வைத்திருக்கும் 5 ஆர்டரில் இது தெரியவே தெரியாது, உண்மையான தரவு வந்ததும் பக்கம் திணறும். ஒரு ஜாயின் (இரண்டு அட்டவணைகளை இணைத்துக் கேட்பது) எழுதத் தெரிந்தால் ஒரே கேள்வியில் முடிந்திருக்கும். இரண்டு வாரம் எஸ்கியூஎல்லுக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். செலக்ட், ஜாயின், குரூப் பை, இன்டெக்ஸ் என்றால் என்ன, பயனர் தட்டியதை அப்படியே கேள்விச் சரத்தில் ஒட்டினால் ஏன் டேட்டாபேஸே பறிபோகலாம், இவ்வளவும் தெரிந்தால் இன்டர்வியூவில் தைரியமாக உட்காரலாம். எந்த ஃபிரேம்வொர்க் (நிரல் கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகம்) மாறினாலும் இந்தப் படிப்பு வீணாகாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாமல் இப்போது யாரும் படிப்பதில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் கேள்வி கேட்டால் முழு நிரலே கிடைக்கிறது. பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல மாட்டோம், வேலையிலும் அவை இருக்கும். ஆனால் கற்கும் காலத்தில் முதல் 20 நிமிடம் நீங்களே முட்டி மோதுங்கள். பிறகு விடையைக் கேட்காமல், பிழைச் செய்தியின் பொருளைக் கேளுங்கள். அது கொடுத்த நிரலை எடுத்தால், மூடிவிட்டு உங்கள் கையால் மறுபடி எழுதுங்கள். ஒரு வரியை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று யாராவது கேட்டுப் பதில் வராவிட்டால் அந்த வரி உங்களுடையது அல்ல. இன்டர்வியூவில் இது ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும், "இதில் இந்தச் சின்ன மாற்றத்தைச் செய்யுங்கள்" என்று கேட்டால் போதும். தொடக்கநிலைப் பணிகளுக்கான ஆளெடுப்பு 2022-க்குப் பிறகு இறுகியிருக்கிறது என்பதால் இந்த வித்தியாசம் முன்பைவிட இப்போது அதிகம் எடுபடுகிறது.

பணம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "இப்போது ஒன்றும் கட்ட வேண்டாம், வேலை கிடைத்தபின் சம்பளத்தில் பங்கு கொடுங்கள்" என்ற ஏற்பாடு கேட்க இனிக்கும். எழுத்தில் அதன் விவரங்களைப் பாருங்கள். புளூம்டெக்கின் ஒப்பந்தம் இப்படி இருந்தது: ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர் வரிக்கு முந்தைய வருமானத்தில் 17 சதவீதத்தை மாதந்தோறும் கட்ட வேண்டும், 24 தவணை முடியும் வரை, அல்லது மொத்தம் 30,000 டாலரைத் தொடும் வரை. 24 மாதத்துக்கு 17 சதவீதம் என்றால் கூட்டிப் பாருங்கள், நான்கு மாத முழுச் சம்பளத்துக்குச் சற்று மேல். வரி பிடித்தபின் கைக்கு வருவதில் அந்தப் பங்கு இன்னும் பெரிதாகத் தெரியும். இது கடன்தான். எந்த நாட்டிலானாலும் இப்படி ஒரு தாளில் கையெழுத்திடும் முன் ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்: எந்தச் சம்பளத்தில் கட்டத் தொடங்க வேண்டும், எத்தனை சதவீதம், எத்தனை மாதம், உச்சவரம்பு எவ்வளவு, பாதியில் நின்றால் என்ன ஆகும். மென்பொருளுக்குச் சம்பந்தமில்லாத வேலை கிடைத்தாலும் பங்கு போகுமா என்பதையும் கேளுங்கள்.

நிறுவனமே மூடிவிட்டால் என்ன என்றும் கேட்க வேண்டும். இந்த வகைப் பள்ளிகளில் முன்னோடியான டெவ் பூட்கேம்ப் 2012-ல் தொடங்கி 2017 இறுதியில் மூடப்பட்டது. பெயர் பெற்றது என்பது நிலைத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எந்த வாரம் வரை விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் வாரவாரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

கட்டணத்தைவிடப் பெரிய செலவு வருமானம் இல்லாத மாதங்கள். பயிற்சி 3 மாதம், வேலை தேட 6 மாதம், எதிர்பாராததற்கு 3 மாதம் என்று ஓராண்டு குடும்பச் செலவு கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவர் வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிப்பதே நல்லது, 9 மாதம் ஆனாலும் பரவாயில்லை. பணம் தீரும் பயத்தில் இன்டர்வியூவுக்குப் போகிறவருக்குத் தெரிந்ததும் வாயில் வராது.

வேலை தேடும்போது பழைய தொழிலை மறைக்காதீர்கள். எங்களுக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. 10 ஆண்டு கணக்கெழுதியவருக்கு ஒரு பதிவு இரண்டு பக்கமும் ஏன் சமமாக வேண்டும் என்பது தெரியும். செவிலியருக்கு மருந்து கொடுத்த நேரத்தைத் தவறாகப் பதிந்தால் என்ன ஆகும் என்பது தெரியும். அந்தத் துறைக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களால் இந்த அறிவை ஆறு மாதத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. முதல் கதவு அங்கேதான் திறக்க வாய்ப்பு அதிகம். இருக்கிற நிறுவனத்திலேயே தினமும் கையால் செய்யும் ஓர் அறிக்கையைத் தானாக வரும்படி ஒரு சின்ன நிரல் எழுதிக் காட்டி, அங்கிருந்து உள்ளுக்குள்ளேயே மாறுவது இன்னும் நல்ல வழி. டெவலப்பர் என்ற பெயரோடு மட்டும்தான் நுழைவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். மென்பொருள் சோதனை, தரவு ஆய்வு, தொழில்நுட்ப ஆதரவு ஆகிய வேலைகளிலும் நிரலைத் தொடும் வாய்ப்பு உண்டு.

போர்ட்ஃபோலியோவில் வகுப்பில் எல்லோரும் செய்த பன்னிரண்டு புராஜெக்டுகளை அடுக்குவதில் பயனில்லை. ஒன்றோ இரண்டோ போதும். ஆனால் அதை உங்களைத் தவிர வேறு யாராவது உண்மையாகவே பயன்படுத்தியிருக்க வேண்டும். பத்து பேர் பயன்படுத்தினால், நீங்கள் நினைத்தே பார்க்காத பத்து விதமாக உடைப்பார்கள். அதைச் சரிசெய்த கதைதான் இன்டர்வியூவில் சொல்லத் தகுந்தது. கமிட் வரலாற்றை நாங்கள் திறந்து பார்ப்போம். "ஃபைனல்" என்ற ஒரே கமிட்டில் 4,000 வரி இருந்தால், எப்படிக் கட்டினார் என்று எதுவும் தெரியாது. "தேதி காலியாக இருந்தால் சேமிக்காமல் தடுத்தது" என்பது போன்ற சின்னச் சின்னக் கமிட்டுகள் ஒரு மனிதர் சிந்தித்த தடத்தைக் காட்டும். எப்படி ஓடவைப்பது, என்ன குறை இன்னும் இருக்கிறது என்று ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் நேர்மையாக எழுதுங்கள். குறையை ஒப்புக்கொண்டவர் மீது எங்களுக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. நான்கைந்து தானியங்கிச் சோதனைகளும் இருந்தால் கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிவீர்கள்.

தேடும் மாதங்களில் நாளை மூன்றாகப் பிரியுங்கள். காலையில் ஒரு மணி நேரம் அரே, சரம், ஹேஷ் மேப் (பெயரை வைத்து மதிப்பைத் தேடும் அமைப்பு) சார்ந்த சின்னக் கணக்குகள். பிறகு மூன்று மணி நேரம் சொந்த புராஜெக்ட். மீதி நேரம் விண்ணப்பம். ஒரே ரெஸ்யூமை நூறு இடத்துக்கு அனுப்புவதைவிட, வாரம் ஐந்து நிறுவனத்தைப் படித்து அதற்கேற்ப எழுதுவது பலன் தரும். நிரல் எழுதுவதை நிறுத்திவிட்டு விண்ணப்பம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் மூன்றே மாதத்தில் கை துருப்பிடித்துவிடும், அழைப்பு வரும் நாளில் ஒரு லூப் எழுதவே தடுமாறுவீர்கள்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் ஏற்கெனவே சேர்ந்து, அந்த ஐந்தாவது வாரத்தில் மூச்சுமுட்ட உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்கு: இந்த வாரம் புதிய பாடத்தை ஒரு நாள் ஒதுக்கிவையுங்கள். பயிற்றுநரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். இரண்டாவது வாரத்தின் பயிற்சிகளைத் திறந்து, பழைய விடையைப் பார்க்காமல் மூன்றை மீண்டும் எழுதுங்கள். எங்கே கை நிற்கிறதோ அந்த இடத்தை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதி, நாளைக் காலை அந்தத் தாளோடு பயிற்றுநரிடம் போங்கள். பணம் திரும்பப் பெறும் கடைசித் தேதி என்றைக்கு என்பதையும் இன்றே ஒப்பந்தத்தில் பார்த்து அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர்களும் பயிற்றுநர்களுமான வாசகர்கள் சிலர்